ஹப்புக்குப் போட்ட காவல்

பூங்கோதை டீச்சரின் பட்டறை வாசலில் ஒரு செப்புத் தகடு அடித்திருக்கும். உள்ளே வருகிறவர் யாராக இருந்தாலும் அதைத் தொட்டுவிட்டுத்தான் வரவேண்டும். உடம்பில் சேர்ந்திருக்கிற மின்சாரம் அதன் வழியாக மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லாவிட்டால் விரல் நுனியிலிருந்து பாய்கிற ஒரு சின்னப் பொறி போதும், மேசைமேல் இருக்கிற சிப்பு செத்துப்போகும்.

நாங்கள் எல்லோரும் ஒருதரம் தொடுவோம். சென்னியப்பன் தொட்டார், உள்ளே வந்தார், திரும்பிப் போய் மறுபடி தொட்டார். பையைக் கீழே வைத்துவிட்டு இன்னொரு தரமும் போனார்.

"தகடு தேஞ்சு போயிருமுங்ணா, வாங்க" என்றார் டீச்சர்.

சென்னியப்பன் சிரிக்கவில்லை. பைக்குள்ளிருந்து துணி சுற்றிய ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். 

நான் பக்கத்து மேசையில் இருந்தேன். எடைத் தராசு ரிப்பேர் செய்வது என் பிழைப்பு. இப்போது வருகிற தராசெல்லாம் எலெக்ட்ரானிக் ஆகிவிட்டதால் சனிக்கிழமைகளில் டீச்சரிடம் சர்க்யூட் படிக்க வருகிறேன். டீச்சருக்கு எங்களைவிட வயது ரொம்பக் குறைவு. ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டு வடிவமைத்துக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுக் கோயமுத்தூரில் இந்தப் பட்டறையைப் போட்டிருக்கிறார். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிற பழக்கம் மட்டும் அவரிடம் கிடையாது. அதில் எனக்கு அவர்மேல் எரிச்சல்தான். சொல்லித் தொலைத்தால் என்ன என்று தோன்றும்.

சென்னியப்பன் பம்புசெட் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு வயரிங் செய்தவர். ஊரில் பாதித் தோட்டங்களில் அவர் மாட்டிய பெட்டிதான் ஓடுகிறது. வயதான பிறகு இந்தக் குட்டிப் போர்டுகளைச் செய்யக் கற்றுக்கொண்டது மனைவிக்காக.

"என்னங்ணா கோளாறு?"

"ஹப்புங்க டீச்சர். கீபோர்டு சொருகினாத் தெரியுது. மவுஸ் தெரியுது. கேமராவ மட்டும் தெரியலீங்குது."

"வேகமாப் பேசற எதுவும் தெரியலையா?"

"எதுவும் தெரியலீங்க. மெதுவாப் பேசறதெல்லாம் ஏத்துக்குது. வேகமா வர்றத ஆருன்னே கேக்க மாட்டீங்குது."

டீச்சர் டப்பாவைத் திறக்கவில்லை. "இது யாருக்குங்ணா?" என்று கேட்டார்.

எங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் அவர் வாயால் அன்றைக்குத்தான் முழுசாகக் கேட்டோம்.

அவர் மனைவி ராமாத்தாளுக்கு நரம்பு வியாதி. முதலில் கால் போனது, பிறகு கை போனது, பிறகு பேச்சும் போனது. இப்போது கண் மட்டும்தான் அசைகிறது. கட்டிலுக்கு எதிரே ஒரு டேப்லெட், அதன் கீழே ஒரு கேமரா. அந்த அம்மா எந்த எழுத்தைப் பார்க்கிறாரோ அதைக் கேமரா கண்டுபிடிக்கும். எழுத்து சேர்ந்து சொல்லாகும், சொல்லை டேப்லெட் பேசும். டேப்லெட்டில் சொருகுவதற்கு ஒரே ஒரு வாய். பாட்டரி செத்த டேப்லெட், சார்ஜ் வயர் இல்லாமல் நிற்காது. சார்ஜும் அந்த வாயில்தான் ஏறவேண்டும், கேமராவும் அதில்தான் சேரவேண்டும். ஒரு வாயைப் பல வாயாகப் பிரிக்கிற ஹப் இல்லாவிட்டால் ராமாத்தாளுக்குப் பேச்சு இல்லை.

"மாசி மாசம் நல்லா வறண்டு கெடந்துச்சுங்க. கம்பளியை உதறிப் போத்திவிட்டனுங்க. அப்பிடியே ஹப்பத் தொட்டேன். சுரீர்னு ஒரு பொறி. அவ்வளவுதான், செத்துப்போச்சு. அப்பத்தான் அவ ஏதோ சொல்லீட்டு இருந்தாளுங்க. 'நீங்க இனிமே'ன்னு சொன்னா. அதோட நின்னுபோச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் இன்னைக்கு வரைக்கும் பேச்சில்லீங்க. எடது கண்ணு இமை எறங்கிருச்சு. இன்னொண்ணும் எப்ப வேணும்னாலும் எறங்கலாம்னு டாக்டர் சொல்றாரு."

கண்ணும் மூடிவிட்டால் அப்புறம் அந்த அம்மாளிடம் எந்த வழியாகப் போவது?

"கடையில நல்ல ஹப்பு விக்குதே" என்றேன் நான். "நீங்க செஞ்சு முடிக்கற வரைக்கும் ஒண்ண வாங்கி மாட்டியிருக்கலாமில்ல?"

"செத்தது கடை ஹப்புத்தானுங்க" என்றார் வெடுக்கென்று. "அத நம்பி இன்னொருக்கா மாட்டச் சொல்றீங்களா?"



டீச்சர் டப்பாவைத் திறந்து பட்டறைக் கம்ப்யூட்டரில் மாட்டினார். கீபோர்டைச் சொருகினார், தெரிந்தது. மவுஸும் தெரிந்தது. கேமராவைச் சொருகினார். 'சாதனத்தை அடையாளம் காண முடியவில்லை' என்று திரையில் வந்து, டொங் என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே சென்னியப்பன் தூக்கிவாரிப் போட்டதுபோல் அதிர்ந்தார்.

"இதுக்கு என்னென்ன செஞ்சு பாத்தீங்க?"

"கிரிஸ்டல மாத்துனனுங்க. கேபிளக் குட்டை பண்ணுனேன். சிப்பையே பேத்துட்டு வேற போட்டேன். ரெசிஸ்டரெல்லாம் நல்ல சரக்கு. அளந்து அளந்து பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்குதுங்க."

டீச்சர் போர்டைத் திருப்பினார். டேட்டா போகிற ரெண்டு கோடுகளிலும் வரிசையாகத் தடித்தடியாக ஏதோ உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு வாய்க்கும் ஒரு வரிசை, அதற்கு உள்ளே இன்னொரு வரிசை.

"இதெல்லாம் என்னங்ணா?"

அவர் முகத்தில் அன்றைக்கு முதல்முறையாகக் கொஞ்சம் தெம்பு வந்தது. "காவலுங்க. சர்ஜ் டயோடு. ஸ்டார்ட்டர் பெட்டிக்குப் போடுவேனே, அதே சாதி. இடியே உழுந்தாலும் வாங்கிக்கும். நான் போட்ட பெட்டி ஒண்ணுகூட இடில போனதில்லீங்க டீச்சர்."

"ரெண்டு வரிசை போட்டிருக்கீங்க."

"பத்தலையோன்னு இருக்குதுங்க. உள்ளுக்குள்ள எங்கியோ பொறி பூந்து சிப்பக் கெடுத்துருதோன்னு. இன்னொரு வரிசை போட்டுப் பாக்கலாம்னுதான் எடுத்துட்டு வந்தேன்." சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். "எவ்வளவு காவல் போட்டாப் போதுமுங்க டீச்சர்? நீங்க சொல்லுங்க. அவ்வளவையும் போட்டர்றேன்."

டீச்சர் அதற்குப் பதில் சொல்லவில்லை. நான் எதிர்பார்த்ததுதான். என்னைப் பார்த்து, "அண்ணா, இங்க வந்து கையை மேசைமேல வைங்க. கண்ணை மூடிக்கங்க" என்றார்.

"நான் எதுக்குங்க?"

"வைங்க."

சோதனை எலி கணக்காக உள்ளங்கை கீழே இருக்கும்படி வைத்துக் கண்ணை மூடினேன்.

"சென்னியப்பண்ணா, அவர் கையில ஒண்ணும் படாம நல்லாக் காவல் போடுங்க பாக்கலாம். அந்தத் துண்டை எடுத்துக்கங்க."

சென்னியப்பன் தேங்காய்ப்பூத் துண்டை மடித்து என் கைமேல் போட்டார். இன்னொன்றை மடித்து அதற்குமேல் போட்டார். மனுஷன் எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். என் கைமேல் தலையணை வைத்ததுபோல் ஆகிவிட்டது.

"இப்ப மெதுவா அமுக்குங்க."

அமுக்கினார்.

"தெரியுதா?" என்று என்னிடம் கேட்டார் டீச்சர்.

"தெரியுதுங்க. இப்ப அமுக்கறாரு. இப்ப விட்டுட்டாரு."

"இப்ப விரல் நுனியால படபடன்னு தட்டுங்க."

கொஞ்ச நேரம் போனது.

"என்ன, தட்டச் சொல்லுங்க" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். சென்னியப்பன் துண்டின்மேல் விரலால் விடாமல் தட்டிக்கொண்டிருந்தார். என் கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் தட்டத் தட்ட என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் இருந்த பயத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு என்னமோ செய்கிறது.

"இன்னும் ஒரு துண்டு போட்டுப் பாக்கலாங்களாண்ணா?" என்றார் டீச்சர்.

சென்னியப்பன் தட்டுவதை நிறுத்தினார். மேல் துண்டை எடுத்தார். அடுத்ததையும் எடுத்தார். கடைசியில் என் வெறும் கை மேசையில் கிடந்தது. ஒரு விரலால் படக்படக்கென்று தட்டினார்.

"நல்லாத் தெரியுதுங்க" என்றேன்.

அவர் சால்டரிங் அயர்னை எடுத்தார்.

டயோடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நேரமானது. டீச்சர் உதவிக்குப் போகவில்லை. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே, "கேமரா வந்ததும் முதல்ல ஒரு கீச்சுக் குரல் குடுக்குமுங்ணா. 'எனக்கு வேகமாப் பேசத் தெரியும், உனக்குத் தெரியுமா'ன்னு கேக்கற மாதிரி. ஹப்பு பதிலுக்குக் கீச்சுன்னு சொல்லும். அதுக்கப்புறம்தான் ரெண்டும் வேகத்துக்குப் போகும்" என்றார். "உங்க ஹப்பு பதில் சொல்லிட்டுத்தான் இருந்துச்சு. வேகம் எடுத்ததும் பேச்சு மழுங்கிப்போச்சு. இந்தத் தடிக் காவல் ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா மின்சாரத்தைத் தனக்குள்ள வாங்கி வெச்சுக்குது. மெதுவா வந்தா அதை நெறச்சுட்டு மிச்சம் போயிரும். வேகமா வந்தா நெறயறதுக்குள்ள அடுத்தது வந்துருது."

"மோட்டாருக்கு இது தொந்தரவே பண்ணாதுங்களே."

"மோட்டார் பேசாதுங்ணா."

சென்னியப்பன் கடைசி டயோடையும் எடுத்துவிட்டுக் கேமராவைச் சொருகினார். டிங் என்று சத்தம் வந்தது. திரையில் எங்கள் மூவர் முகமும் தெரிந்தது. நான் கைதட்டிவிட்டேன். இத்தனை நாள் தவம் கிடந்த மனுஷன் துள்ளிக் குதிப்பார் என்று பார்த்தால், சென்னியப்பன் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். 

"டீச்சர், அந்த டயோடத் திருப்பிப் போட்டர்லாமுங்களா?"

எனக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. "உங்களுக்கென்ன பைத்தியமா?" என்றேன்.

டீச்சர் என்னைப் பார்த்த பார்வையில் நான் அடங்கினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டுச் சென்னியப்பன் எதிரே உட்கார்ந்தார்.

"அக்கா கண்ணைச் சிமிட்டி ஆமா, இல்லைன்னு சொல்லுவாங்கல்ல?"

"சொல்லுவாளுங்க. வலிக்குதான்னு கேப்பேன். பொரட்டிப் போடட்டுமான்னு கேப்பேன். கண்ண ஒருக்கா மூடித் தெறந்தா ஆமாம்பா."

"நின்னுபோன அந்தப் பேச்சு என்னன்னு ஒவ்வொரு எழுத்தாச் சொல்லிக் கேட்டிருக்கலாமே. கேட்டீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேக்கலீங்க."

"ஏனுங்ணா?"

"பயமுங்க." "நீங்க இனிமே என்னைப் போக உட்ருங்கன்னு சொல்லீட்டான்னா? இனிமே டாக்டரக் கூப்புடாதீங்க, மூக்குக் கொழாய எடுத்துருங்கன்னு சொல்லீட்டா நான் என்னங்க பண்ணுவேன்? அவ சொல்லி நான் எதையும் தட்டுனதில்லீங்க டீச்சர். அதுதான் பயம். ராத்திரியெல்லாம் அதே நெனப்பு. இந்தப் போர்டு ஓடுனா அவ பேசிருவா."

எனக்கு அவரைத் திட்டியதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல் இருந்தது.

டீச்சர் எழுந்துபோய் ஒரு சின்ன உறையை எடுத்து வந்தார். உள்ளே கடுகைவிடச் சின்னதாக ஒன்று இருந்தது. "இதுவும் காவல்தானுங்ணா. டேட்டா கோட்டுக்குன்னே செஞ்சது. கையில வர்ற பொறியை வாங்கி மண்ணுக்கு அனுப்பிரும். பேச்சைத் தடுக்காது. ஒரே வரிசை, வாய்க்குப் பக்கத்துலயே வைங்க. ஆனா இடியெல்லாம் தாங்காது, முன்னமே சொல்லிட்டேன்."

"இத்துனூண்டா?"

"இத்துனூண்டுதான்."

அவர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு லென்ஸை மாட்டிக்கொண்டு வைக்க ஆரம்பித்தார்.

அன்றைக்குச் சாயங்காலமே டீச்சரும் நானும் சென்னியப்பனோடு அவர் வீட்டுக்குப் போனோம். தனியாகப் போக அவருக்குத் தைரியமில்லை. அவர் சொல்லவில்லை, செருப்பைப் போடாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். டீச்சர் பட்டறையைப் பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ராமாத்தாள் கட்டிலில் சாய்ந்திருந்தார். இடது இமை முக்கால்வாசி மூடியிருந்தது. வலது கண் மட்டும் எங்களைப் பார்த்தது, பிறகு கணவன் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தது. அதை விட்டு நகரவில்லை. பார்த்துக்கொள்ள வருகிற பெண் எங்களைக் கண்டதும் எழுந்து சமையற்கட்டுக்குப் போனாள். ஜன்னலெல்லாம் அடைத்திருந்தது. அந்த ஒரு கண்ணைத் தவிர அறையில் எதுவும் உயிரோடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சென்னியப்பன் கட்டில் கம்பியைத் தொட்டார், ஜன்னல் கம்பியைத் தொட்டார், மறுபடி கட்டில் கம்பியைத் தொட்டார். ஹப்பை டீச்சரிடம் நீட்டினார். "நீங்களே மாட்டீருங்க டீச்சர்."

டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

வேறு வழியில்லாமல் அவரே மாட்டினார். சார்ஜ் வயரைச் சொருகினார், கேமராவைச் சொருகினார். டிங் என்றது. கேமராவில் சிவப்பு வெளிச்சம் வந்தது. திரையில் எழுத்துகள் விரிந்தன. மேலே பழைய வரி அப்படியே இருந்தது. நீங்க இனிமே.

ராமாத்தாளின் கண் எழுத்துகளுக்குப் போனது. 'க'வைப் பார்த்தது. எழுத்து விழுந்தது. அடுத்த எழுத்துக்கு நகர்ந்தது. இமை தளர்ந்து மூடியது. சென்னியப்பன் சுவரைப் பிடித்துக்கொண்டார். இமை மறுபடி திறந்தது. அடுத்த எழுத்து விழுந்தது. எவ்வளவு நேரம் ஆனதென்று தெரியாது. சென்னியப்பன் திரையைப் பார்க்கவில்லை, பார்க்க முடியாமல் சுவருக்குத் திரும்பி நின்றார். எழுத்து ஒவ்வொன்றும் விழுகிற டிக் சத்தத்துக்குத் தோள் குலுங்கியது.

பிறகு டேப்லெட் பேசியது. ஏற்ற இறக்கம் இல்லாத மெஷின் குரல்தான்.

"நீங்க இனிமே கதவச் சாத்தீட்டு அழுகாதீங்க."

சென்னியப்பன் திரும்பவில்லை.

கண் மறுபடி நகர்ந்தது. டிக். டிக். குரல் வந்தது.

"இங்க வந்து அழுங்க."

அவர் மெல்லத் திரும்பினார். கட்டில் பக்கம் போய்த் தரையில் முட்டிபோட்டு உட்கார்ந்து, அசையாத அந்தக் கைமேல் நெற்றியை வைத்தார். அதற்குமேல் நான் பார்க்கவில்லை. டீச்சர் என்னை வெளியே தள்ளிக்கொண்டு வந்துவிட்டார். உள்ளேயிருந்து அவர் அழுகிற சத்தம் தெருவரைக்கும் கேட்டது. கதவு திறந்துதான் இருந்தது.

நாங்கள் வாசலில் நின்றோம். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே அந்த மெஷின் குரல் மறுபடி கேட்டது.

"வந்தவங்களுக்குக் காப்பி குடுத்தீங்களா?"

காப்பி வந்தது. குடித்தோம். கிளம்பும்போது சென்னியப்பன் கேட் வரைக்கும் கூடவே வந்தார். கண் வீங்கியிருந்தது. பயம் முகத்தை விட்டுப் போயிருந்தது என்று சொல்லமாட்டேன். அது அங்கேயேதான் இருந்தது.

"டீச்சர், அந்த இத்துனூண்டு காவல்தான் இருக்குது. நாளைக்கே மறுபடி ஒரு பொறி பட்டா? அவ கண்ணு போயிருச்சுன்னா? எனக்கு ராத்திரி தூக்கம் வராதுங்க. காலையில கேட்டனே, நீங்க சொல்லவே இல்லையே. எவ்வளவு காவல் போட்டாப் போதுமுங்க?"

டீச்சர் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டே சொன்னார்.

"அதை ஏனுங்ணா எங்கிட்டக் கேக்கறீங்க? அக்கா உள்ளதான இருக்காங்க."